உச்சியில்தான் தண்ணீர்

வாரம் முழுக்கத் தையற்கடையில் இயந்திரத்தை மிதித்துத் தேய்பவள் அவள். அவள் நாய்க்குப் பெயர் மாப்பிள்ளை. சோறு வைக்கக் கொஞ்சம் தாமதமானாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். அதனால் அந்தப் பெயர். விடுமுறை நாளில் இருவரும் ஊருக்கு வெளியே இருக்கும் மலையில் ஏறுவார்கள். மாப்பிள்ளை முன்னால் ஓடும், வளைவில் நின்று திரும்பிப் பார்க்கும், இவள் தலை தெரிந்ததும் மறுபடி ஓடும். நமக்காகக் காத்து நிற்கவும் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று அவளுக்கு மனசு பூரித்துப் போகும்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போடவென்றே வந்து சேர்ந்தான் தம்பி. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுப்பவன். "நானும் வரேன்க்கா" என்று தண்ணீர்ப் பையை வாங்கி மாட்டிக்கொண்டான். மாப்பிள்ளையின் கயிற்றைப் பிடித்து ஓட ஆரம்பித்தவன், பாதி மலையிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. இவள் முழங்கால் வலியோடு பின்னால் ஏறினாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மாப்பிள்ளை சரிந்து கிடந்தது. நாக்கு முழுக்க வெளியே தள்ளியிருந்தது. கூப்பிட்டாள், காதுகூட அசையவில்லை. பக்கத்தில் நின்ற தம்பியின் தோளிலிருந்து பையைப் பிடுங்கிப் பார்த்தாள். பாட்டில் திறக்காமல் அப்படியே இருந்தது.

"தண்ணி குடுக்கலையாடா?"

"இன்னும் கொஞ்ச தூரம்தானேக்கா, உச்சியில குடுக்கலாம்னு... எங்க ஜிம் பசங்களுக்கும் அப்படித்தான். அப்பதான் வேகம் வரும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அறிவு கெட்டவனே! உனக்கு வேர்க்கிற மாதிரி அதுக்கு வேர்க்குமா? வாய் இல்லாத ஜீவன், உன்னை நம்பி ஓடி வந்திருக்குடா! அதுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, என் வாசப்படி மிதிக்காத!"

பாறை நிழலுக்கு இழுத்துப்போய் வயிற்றிலும் பாதங்களிலும் தண்ணீரை ஊற்றினாள். துப்பட்டாவால் விசிறினாள். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும், "தூக்குடா!" என்றாள்.

தூக்கினான். மாப்பிள்ளை லேசுப்பட்ட கனமில்லை. வழிநெடுக அதை நனைத்துக்கொண்டும் அவனைத் திட்டிக்கொண்டும் அவள் கூடவே இறங்கினாள். பாதி வழியில் அவனுக்குக் கால் பின்னியது.

"அக்கா, ஒரு வாய் தண்ணி..."

"கீழ போய்க் குடிக்கலாம். அப்பதான் வேகம் வரும்."

அவன் மாப்பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கினான்.

அடிவாரத்து ஓடையில் இறக்கி விட்டதும் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே கிடந்தது. பிறகு மெல்ல நக்கிக் குடித்தது. தள்ளாடி எழுந்தது. அவள் கையை நீட்டினாள். அது அவளைத் தாண்டிப்போய், கரையில் தலையைப் பிடித்து உட்கார்ந்திருந்த தம்பியின் கையை நக்கியது. அவன் சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான்.

"போயும் போயும் அவன் கையையா நக்குற? உனக்கு ரோஷமே கிடையாதா?"

மாப்பிள்ளை வாலை ஆட்டியது. ஆத்திரம் அவளுக்கு இம்மியும் அடங்கவில்லை. மிச்சத் தண்ணீர் இருந்த பாட்டிலைத் தம்பியின் மடியில் எறிந்தாள்.

"குடிச்சுத் தொலை."