கரையில்லாத சேலைகள்

கடை வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றும்போதே அவள் என்ன சேலையோடு திரும்பிப் போவாள் என்று சண்முகையா முடிவுகட்டிவிடுவார். அநேகமாக அது தப்பாது. சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் சுந்தரராஜ் முதலாளியின் ஜவுளிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகச் சேலைப் பக்கம் நின்றவர் அவர். மற்ற ஆட்கள் முப்பது நாற்பது சேலைகளை விரித்து மலையாகக் குவிப்பார்கள். கடைசியில், வந்தவர்கள் குழம்பிப்போய், வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். சண்முகையா நாலுக்கு மேல் விரித்ததில்லை. மூன்றைக் காட்டிவிட்டு நாலாவதை மடிப்புக் கலையாமல் கையில் வைத்திருப்பார். வந்தவர்களின் முகம் வாடுகிற நேரம் பார்த்து அதை ஒரு உதறு உதறுவார். முந்தானை விழுந்த இடத்திலேயே பேரம் முடிந்துவிடும்.

எது நல்லா இருக்கு அண்ணாச்சி என்று அவரிடம் கேட்பார்கள். அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனியில் அவர் மனைவி ஆறுமுகத்தாய் மஞ்சள் காமாலையில் பன்னிரண்டு நாள் கிடந்து இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் கடைக்கு வந்துவிட்டார். அழவில்லை. குடிக்கப் போகவில்லை. முகச் சவரத்தைக்கூட விட்டுவிடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் இருக்கிற இருப்பைப் பார்த்தார்கள். நல்ல தைரியசாலி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது தைரியம் இல்லை என்று மகள் வேலம்மாளுக்கு மட்டும் தெரியும். பதினேழு வயதில் அடுப்படி அவள் தலையில் விழுந்திருந்தது. ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அப்பா சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். மறுநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் வைத்தாள். அதையும் அவர் ஒரு பருக்கை மீதம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். மூன்றாம் நாள் அவள் உப்பைப் போட்டுவிட்டாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அந்த ஆடியில் முதலாளி புதுக்கடை வேலையை முடுக்கினார். பழைய கடைக்கு மூன்று கட்டடம் தள்ளி, கண்ணாடிக் கதவு போட்ட ரெடிமேட் கடை. கீழே சட்டை, பேண்ட், மாடியில் சேலை. மதராஸில் பி.காம். படித்துவிட்டு வந்திருந்த மகன் குருநாதனின் யோசனை அது. ஜமக்காளம் கிடையாது, உட்கார வைத்து விரிப்பது கிடையாது. துணியை ஹேங்கரில் தொங்கவிட வேண்டும், வருகிறவர்கள் நடந்துபோய்த் தாங்களே தொட்டுப் பார்க்க வேண்டும் என்றான். ஒரு கம்பியில் பத்து உருப்படிக்கு மேல் தொங்கக் கூடாது என்றும் சொன்னான். முதலாளிக்கு அது மட்டும் பிடிபடவில்லை. பத்து உருப்படி வைத்திருப்பவன் கடைக்காரனா, தள்ளுவண்டிக்காரனா என்று வீட்டில் சத்தம் போட்டார். கடைசியில் மகன் சொன்னபடியே நடந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. சரக்கெடுக்க மதராஸுக்கு எப்போதும் முதலாளிதான் போவார். அந்தத் தடவை முழங்கால் வீங்கிக் கிடந்ததால் சண்முகையாவைத் தனியாக அனுப்பினார். மாடி முழுக்க உம்ம பொறுப்பு, அது ஓடினாலும் படுத்தாலும் உம்ம பேர்தான் என்று பஸ் ஏற்றும்போது சொல்லியனுப்பினார். சண்முகையா தலையாட்டினார்.

சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி வீட்டு மாடியில் இரண்டு நாள் உட்கார்ந்து துணி பார்த்தார். கிளிப்பச்சை வந்தது, ராமர் நீலம் வந்தது, பெரிய பெரிய பூப்போட்டது வந்தது. ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். பிடிக்கவில்லை என்பதில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல அவை எங்கேயோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. நடுவில் சாம்பல் நிறத்தில், கரையில்லாமல், பூவில்லாமல் ஒரு மெல்லிய வாயில் துணிச் சேலை வந்தபோது கை அதன்மேல் நின்றது. நூல் நன்றாக இருந்தது. இதே மாதிரி இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். கோதுமை நிறம், சந்தனம், வெளுத்த நீலம், காய்ந்த வைக்கோல் நிறம் என்று அடுக்கினார்கள். சட்டையும் அப்படியே எடுத்தார், கோடில்லாமல், கட்டமில்லாமல். வேலை சீக்கிரம் முடிந்தது.

பண்டல் வந்து பிரித்ததும் முதலாளி ஒரு சேலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"என்ன வே இது, எல்லாம் வெந்து தணிஞ்ச மாதிரி இருக்கு. கரை எங்க?"

"நல்ல நூலு மொதலாளி" என்றார் சண்முகையா. அவருக்குப் பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை.

குருநாதன் கீழே மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்தவன் துள்ளிவிட்டான். மதராஸில் காலேஜ் வாத்தியார் அம்மாக்கள், பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் இப்போது இதைத்தான் கட்டுகிறார்கள், தானே போயிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக எடுத்திருக்க மாட்டேன் என்றான். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவன் படித்தவன். இன்னொருவர் இருபத்திரண்டு வருஷத்தில் தப்பாத கண்ணுக்காரர். இரண்டு பேரும் ஒன்றைச் சொன்னால் தனக்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இப்படித்தான் அந்தச் சரக்கு மாடியேறியது.

திறப்பன்று முதலாளியம்மா குத்துவிளக்கு ஏற்றினார். பன்னீர் தெளித்தார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். கூட்டம் வந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் கொஞ்சப் பேர் வெளியிலேயே நின்றார்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த ஒருவர் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, லாரி இன்னும் வரவில்லையா, சாயங்காலம் வரட்டுமா என்று குருநாதனிடம் அக்கறையாக விசாரித்தார். பெண்கள் மாடிக்குப் போனார்கள். ஹேங்கரைத் தொட்டார்கள். தொட்ட கையை முந்தானையில் துடைத்தார்கள். இறங்கிப் போனார்கள்.

பத்து மணிக்கு மேல் மேலநீலிதநல்லூர் பேச்சித்தாய் மகளையும் சம்பந்தி வீட்டுப் பெண்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பேச்சித்தாயின் முகூர்த்தச் சேலையைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்துக் கொடுத்ததே சண்முகையாதான். மகளுக்கும் அவர் கைதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் சம்பந்தி வீட்டாரை ராஜபாளையத்துக்குப் போகவிடாமல் இங்கே இழுத்து வந்திருந்தாள். மாடியேறி வந்தவள் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். சம்பந்தியம்மா கல்யாணப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

பேச்சித்தாய் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்குன்னு வந்திருக்கோம். துட்டி வீட்டுக்குக் கட்டிட்டுப் போறதையெல்லாம் தொங்கவிட்டிருக்கிய."

சண்முகையா திரும்பிப் பார்த்தார். இருபத்தொன்பது சேலைகள் தொங்கின. ஒன்றில்கூடக் கரை இல்லை. தாலியறுத்தவர்களும் இழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகிறவர்களும் தவிர இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரியும். சௌகார்பேட்டையில் அந்த இரண்டு நாளும் தெரிந்திருக்கவில்லை. இதற்கு முன் கடைசியாகத் தான் கண்ணால் பார்த்து எடுத்த சேலை எது என்று யோசித்தார். அரக்கில் மஞ்சள் கரை போட்ட பட்டு. ஆறுமுகத்தாய் இறந்த அன்று அவள் உடம்பில் போர்த்தக் கோடி எடுக்க வந்த மைத்துனர் என்ன எடுப்பதென்று தெரியாமல் நின்றபோது, சண்முகையாதான் முந்தியைக் காட்டச் சொல்லி அதை எடுத்தார். அவளுக்கு எடுப்பாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அப்புறம் ஐந்து மாதமாக எத்தனையோ சேலை விற்றிருக்கிறார். அடுத்தவர்கள் கேட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர்களைப் பழைய கடைக்குக் கூட்டிப்போனார். ஜமக்காளத்தில் உட்காரவைத்துக் கலர் சோடா கொடுத்தார்கள். சண்முகையா பட்டுச் சேலைகளை எடுத்து விரித்தார். மயில் கழுத்து, குங்குமம், மாம்பழம். எதுவும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாலாவதை விரித்தார். ஐந்தாவதையும் விரித்தார். பதினைந்து தாண்டியது. சேலை குவியக் குவிய, அடுத்த பிரிவில் நின்ற சேல்ஸ்மேன் வேல்சாமி தன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். முப்பதைத் தொட்டபோது சம்பந்தியம்மா ராஜபாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையோ கேட்டாள்.

பேச்சித்தாய்க்கு முகம் வியர்த்துவிட்டது. "போதும் அண்ணாச்சி. இதுல நீங்க ஒண்ண எடுத்து என் கையில குடுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்."

அவர் குவியலைப் பார்த்தார். எதையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவள் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

"எனக்குத் தெரியல தாயி" என்றார். "எது நல்லா இருக்கு? நீங்களே சொல்லுங்க."

பேச்சித்தாய் அவரைப் பார்த்தாள். முழங்காலை ஊன்றி முன்னால் நகர்ந்து தானே புரட்டினாள். குங்குமத்தில் பச்சைக் கரை போட்டதை உருவி மகளின் தோளில் வைத்துப் பார்த்து, இது அண்ணாச்சி காட்டினது, இதையே எடுப்போம் என்று சம்பந்தி வீட்டாரிடம் சத்தமாகச் சொன்னாள்.

மத்தியானம் சண்முகையா புதுக்கடைக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னார். மாடிச் சரக்கைத் தான் பார்த்து எடுக்கவில்லை, கை எடுத்தது என்றார். பேரு கெடுகிறதுக்கு முன்னால் சேலைப் பக்கத்திலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னார். குருநாதன் குறுக்கே புகுந்து, அதெல்லாம் இல்லை, அண்ணாச்சி எடுத்ததுதான் சரி, ஊருக்குப் பழக ஒரு மாசம் ஆகும் என்றான்.

முதலாளி மகனைப் பேசாமலிருக்கச் சொன்னார். "எந்தப் பக்கம் போறீரு?"

"வேட்டிப் பக்கம் போட்டுருங்க மொதலாளி."

"அது புதுசா வார பயலுவ நிக்கிற இடம் வே."

"இருக்கட்டும்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

முதலாளி வீங்கிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வேல்சாமியைச் சேலைப் பக்கம் மாறச் சொல்லி ஆள் அனுப்பினார்.

குருநாதன் சொன்னதும் பொய்யாகப் போகவில்லை. வாசுதேவநல்லூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர் வந்து சாம்பலும் வெளுத்த நீலமும் எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து ஆபீஸ்களில் வேலை பார்க்கிற பெண்கள் வந்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் மாடியில் நாலு சேலைதான் பாக்கி. சங்கரன்கோவிலில் முதன்முதலில் பிளெய்ன் சேலை கொண்டுவந்தது சண்முகையா அண்ணாச்சிதான் என்று குருநாதன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். வேலம்மாள் காதுக்கும் அது வந்தது. இரவுச் சோறு போடும்போது நெசமா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

தீபாவளிச் சரக்குக்கு மதராஸ் போக முதலாளியே வேட்டிப் பக்கம் வந்து கூப்பிட்டார். உம்ம கண்ணுக்குத்தான் வித்திருக்கு, ஊரே சொல்லுது என்றார்.

"அது கண்ணு இல்ல மொதலாளி" என்றார் சண்முகையா. "வேல்சாமியக் கூட்டிட்டுப் போங்க. அவன் பாக்கான்."

முதலாளி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு சம்சாரி வந்து பெஞ்சில் உட்கார்ந்து தலைத்துண்டை அவிழ்த்தார். சண்முகையா பின்னால் திரும்பி வெள்ளை அடுக்கில் கையை வைத்துக்கொண்டு கேட்டார், நாலு முழமா, எட்டு முழமா என்று.