நாலாவது மூலை

என் கடையில் இன்றைக்கு முப்பத்திரண்டு தையல் மிஷின் ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் நாடாவில் கட்டிய சின்னக் கத்தரிக்கோல் ஒன்று தொங்கும். நூலை எவனாவது பல்லால் கடித்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முதலாளி அவ்வளவு கண்டிப்பு என்று ஊரில் பேச்சு. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தாம்பரத்திலிருந்து பொத்தேரிவரை என் கடை யூனிஃபார்ம் போடாத பிள்ளை உண்டா என்று மார்தட்டுகிறவன். கண்டிப்பு என்ற அந்தப் பேச்சு கேட்க நன்றாக இருந்ததால் நான் திருத்தியதில்லை. அந்தக் கத்தரிகளைக் கட்டவைத்தது என் பயம் என்று இப்போதுதான் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. கடப்பேரியில் ஓட்டு வீட்டின் முன்னறையில் ஒற்றை மிஷின் போட்டிருந்தேன். மகள் பிறந்து நாலு மாதம். எதிர்வீட்டு டீச்சரம்மா எட்டு மாதம் சானடோரியத்தில் படுத்திருந்து, காசநோய் குணமாகி அப்போதுதான் திரும்பியிருந்தார். டாக்டர் சொன்னால் தெரு கேட்குமா? அவர் தண்ணீர் பிடித்த குழாயைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் அடுத்தவள் குடம் வைப்பாள். பொங்கல் லீவு முடிந்து அவர் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும். கழுத்தில் கட்டி அறுத்த தழும்பு. "பிள்ளைங்க பார்த்தா பயந்துடும் தம்பி. பனிக்குக் கட்டிக்கிற மாதிரி ஒரு ஸ்கார்ஃப் தைச்சுக் குடுங்க" என்று வாசலுக்கு வெளியே நின்றபடியே சொல்லி, நீலத் துணி ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். வந்த வேலையை மறுத்தவன் என்ற பெயர் எனக்குக் கிடையாது. அந்த வீம்பில் எடுத்துவிட்டேன்.

துணி புதுத்துணிபோல மொடமொடப்பாக இல்லை. துவைத்துத் துவைத்து இளகியதுபோல இருந்தது. அவர் போர்த்திப் படுத்த துணியோ என்று விரல்நுனியால் பிடித்துத் தைத்தேன். சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் மடித்து அடித்தால் தீர்ந்தது வேலை. மூலைகளுக்கு மட்டும் கைத்தையல். மூன்று மூலையில் ஞாபகமாகக் கத்தரியால் நறுக்கினேன். நாலாவதில் இருக்கும்போது தூளியில் குழந்தை வீறிட்டது. திரும்பிப் பார்த்தபடியே, பழக்கதோஷம், நூலைப் பல்லால் கடித்துவிட்டேன். அறுந்த துணுக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. கிணற்றடிக்கு ஓடி உப்பும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தேன். துப்பினால் சிவப்பு. ஈறு கிழிந்த ரத்தம்தான் என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்கவில்லை, இன்னொரு வாளி இறைத்து வாயைக் கொப்பளித்தேன்.

அன்றுமுதல் குழந்தை பக்கம் போகவில்லை. "இன்னாய்யா, பெத்த கொயந்தய தூக்க மாட்டேன்றே? எவளை நெனச்சுகினு கீறே?" என்றாள் மனைவி. மிஷினை வேகமாக மிதித்தேன். நாலாம் நாள் ஸ்கார்ஃபை அவர் வீட்டுச் சுற்றுச்சுவர்மேல் வைத்து, அளவுகோலால் அந்தப் பக்கம் தள்ளினேன். டீச்சரம்மா அதை நோட்டுப் புத்தகம் திருத்துவதுபோல ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். நாலாவது மூலையில், பிசிறிய நூல்நுனியில் நின்றுவிட்டார்.

"தம்பி, இதை மட்டும் பல்லால கடிச்சீங்களா?"

தலையாட்டினேன். அவர் என் வீட்டுப் பக்கம் பார்த்தார். "புதுத் துணிதான் தம்பி. கொதிக்க வெச்சு, ரெண்டு நாள் வெயில்ல போட்டுத்தான் கொண்டாந்தேன். இருந்தாலும் வீட்ல கைக்குழந்தை இருக்கே. நாளைக்கே போய்ப் படம் எடுத்துடுங்க."

அந்த நோயோடு எட்டு மாதம் படுத்தவரே இப்படிப் பயந்தால் நான் எம்மாத்திரம்? மறுநாள் எக்ஸ்ரே வரிசையில் நின்றேன். முன்னால் இருமியவன் முதுகையே பார்த்துக்கொண்டு, நான் போனால் மகளுக்கு யார் என்று கணக்குப் போட்டேன். படம் வந்த அன்று டாக்டர் சிரித்தார். "ஒண்ணுமில்லப்பா. துணியிலெல்லாம் இது தொத்தாது, போ."

வீட்டுக்குக்கூடப் போகாமல் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்: "ஒண்ணுமில்லையாம் டீச்சரம்மா!" அவர் அப்படியே படியில் உட்கார்ந்து நீல ஸ்கார்ஃபில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், தன் தையல் பெட்டியிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்து வந்து நீட்டினார். "இனிமே பல்லால கடிக்காதீங்க தம்பி."

என் கை எழவில்லை. டாக்டர் சொல்லி ஒருமணி நேரம்கூட ஆகவில்லை. "கத்தரியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்பாங்க. சுவர்மேல வெச்சுடுங்க" என்றேன். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "சரி தம்பி, நமக்குள்ள சண்டை வேணாம்" என்று வைத்துவிட்டு உள்ளே போனார். அதை நான் தொட்டது ஒரு வாரம் கழித்து. அடுத்த வருடம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. அவர் கையில் நான் எதையும் கொடுத்ததுமில்லை, வாங்கியதுமில்லை.

அந்தக் கத்தரி என் முதல் மிஷினில் இன்னும் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு அவன் கத்தரியை நானேதான் நீட்டுவேன். "கைல குடுத்தா சண்டை வரும் சார், டேபிள்மேல வெச்சுடுங்க" என்று சிலபேர் பின்வாங்குவார்கள்.

"வந்தா வரட்டும், கையை நீட்டு" என்பேன்.