இடப்பக்கத்து ஸ்பீக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெரிய பெட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு பெரிய ஸ்பீக்கர். ஹோம் தியேட்டராம். வவுனியாக் கடைகளில் இருந்ததிலேயே மலிவானது என்று அவரே சொன்னார்.

"மாஸ்டர், உங்களுக்கு இந்த வயர் வேலையள் தெரியும்தானே. எதை எங்கை வைக்கிறது?"

"அதிலை ஆர் இருந்து கேக்கப் போகினம்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? நாங்கள்தான்."

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. விளங்காதுதான்... எனக்கே அது விளங்க ஒரு பகல் முழுக்க எடுத்தது. அந்தப் பகலைத்தான் இந்தக் கிழமைப் பத்தியில் சொல்லப் போகிறேன். என் மனைவி றீற்றாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "உங்கடை கோவத்தையும் சேர்த்து எழுதுறதெண்டால் எழுதுங்கோ" என்றாள்.

அது சண்டைக் காலம். அப்போது நான் அக்கராயனில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று மாதம். றீற்றாவின் ஆட்கள் முல்லைத்தீவுக் கரையில் கடல் தொழில் செய்தவர்கள். இடம்பெயர்ந்து உடையார்கட்டில் அவளுடைய சின்னம்மா வீட்டில் இருந்தார்கள். சின்னம்மாதான் எங்களுக்குச் சம்பந்தம் பேசினவா.

அக்கராயனில் கரண்ட் என்பது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்த ஒரு சொல். ரீவி இல்லை, தியேட்டர் இல்லை. ஆனால் சினிமாப் படங்களின் கதைவசனக் கசெற் கைமாறிக் கைமாறி எங்கள் ஊருக்கும் வரும். முழுப் படமும் சத்தமாக மட்டும் இருக்கும். கதவு திறக்கும், மழை பெய்யும், யாரோ அழுவார்கள், யாரோ ஓடுவார்கள். கண்ணை மூடினால் படம் ஓடும்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. அந்த ஓடுகிற மனிதர் என் வீட்டுக்குள் இடப்பக்கம் நுழைந்து வலப்பக்கத்தால் வெளியே போக வேண்டும். அதற்கு இரண்டு ஸ்பீக்கர் வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூட அதிபரின் கார் நெடுநாளாக ஓடாமல் நின்றது. "பெற்றோல் இல்லாத காருக்குப் பாட்டெதுக்கு, கழட்டிக்கொண்டு போம்" என்றார். கசெற் செற்றும் கதவுகளில் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் கிடைத்தன. பற்றரியை நெல் குத்தும் மில்லில் சார்ஜ் பண்ணினேன். ஆனால் ஸ்பீக்கருக்குப் பெட்டி இல்லை. வெறுமனே வைத்தால் தகரத்தில் மழை விழுவது மாதிரிக் கேட்டது.

வழி சொன்னவர் மாரிமுத்து அண்ணன். மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர். ட்ரக்டர் ஓட்டுவார், திருத்துவார்.

"சார், ரெண்டு மண்பானை வாங்குங்க. ஸ்பீக்கர பானை வாயில வச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

வைத்துப் பார்த்தேன். ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? தபேலாவின் அடி நிலத்துக்குள்ளால் வந்து உள்ளங்காலில் ஏறியது.

அன்று சனிக்கிழமை. பகல் வெயில் கிடுகு வேலிக்குள்ளால் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பானைகளையும் வைக்கோல் வளையத்தில் சரித்து வைத்தேன். கயிற்றால் அளந்தேன். பானைக்கும் பானைக்கும் எவ்வளவு தூரமோ, பானைக்கும் கதிரைக்கும் அவ்வளவு தூரம். நடுவில் கதிரை. நடுவில் இருப்பவருக்குத்தான் எல்லாம்.

முதலில் அதில் இருக்க வேண்டியவள் றீற்றா. வேறு யார்?

"இதிலை இரும். இந்தப் பாட்டிலை ஒரு பக்கம் புல்லாங்குழல், மற்றப் பக்கம் தபேலா. எது எந்தப் பக்கமெண்டு சொல்லும் பாப்பம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "குழல் இந்தப் பக்கம். தபேலா அந்தப் பக்கம்."

சரி. ஆனால் நான் எந்த ஸ்பீக்கரைப் பார்த்தேனோ அந்தப் பக்கத்தைத்தான் அவள் சொன்னாள் என்று பட்டது.

"கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்."

கண்ணை மூடினாள். பிறகு இடது கையை மட்டும் மெல்ல உயர்த்தினாள். "ரெண்டும் இந்தப் பக்கம்."

வயர் பிழையோ? மாற்றிக் கொழுவினேன். இப்போது குழல் வலப்பக்கம். "குழல்?" இடது கை. பலன்ஸ் திருகியை முழுக்க வலப்பக்கம் திருப்பினேன். இடப் பானை ஊமையாகிவிட்டது. "இப்ப?" அதே இடது கை. "தூரத்திலை கேக்குது" என்றாள். அவளுடைய மூடிய இமைக்குள்ளால் கண்ணீர் வந்தது.

நான் பாட்டை நிறுத்தினேன்.

"ஊரிலை ஷெல் விழேக்கை கிட்ட நிண்டனான்" என்றாள். "வலது காது அண்டைக்குப் போயிட்டுது. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சின்னம்மா சொன்னவா."

"மூண்டு மாசம், றீற்றா."

"சொல்லியிருந்தால் நீங்கள் கல்யாணத்துக்கு ஓமெண்டிருப்பியளோ?"

அதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் ஒரு பக்கம், பதில் வராத வெட்கம் ஒரு பக்கம். சேர்ட்டைக் கொழுவிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

குளக்கட்டில் ஒரு ஆளும் இல்லை. தண்ணீர் அசையாமல் வானத்தை வைத்துக்கொண்டு கிடந்தது. நடந்தேன். எங்கள் வீட்டில் எத்தனை கதை அவளுடைய வலப்பக்கம் நின்று சொன்னேன்? குசினியில், கிணற்றடியில், கோயிலுக்குப் போகிற வழியில்... அவள் சிரித்துத் தலையாட்டினாளே, அதில் எத்தனை அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கும்?

என் வலது காதை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். கொக்குகள் எல்லாம் ஒரு பக்கமாகவே பறந்தன. காற்று ஒரு பக்கமாகவே வீசியது. உலகம் கொஞ்சம் சரிந்து, யாரோ காணும் கனவு மாதிரி எட்ட நின்றது. நன்றாகத்தான் இருந்தது...

பின்னால் ட்ரக்டர் சத்தம் கேட்கும்வரை. சத்தம் இடப்பக்கம் என்று நினைத்து வலப்பக்கம் ஒதுங்கினேன். பிறேக் கிறீச்சிட்டது. பெரிய சில்லு என் முழங்கையை முட்டுகிற மாதிரி வந்து நின்றது.

"என்ன சார் இது?" மாரிமுத்து அண்ணனின் முகம் வெளிறியிருந்தது. "நான் வர்ற பக்கமே நீங்களும் வர்றீங்க."

"ஒரு காதைப் பொத்திக்கொண்டு நடந்தனான், அண்ணை."

"ஏன் சார், பானையில பாட்டு நல்லா வரலியா?"

"பாட்டு நல்லாத்தான் வருது" என்றேன். அவள் ஒவ்வொரு நாளும் இப்படித்தானே றோட்டால் போய் வருகிறாள்?

வீட்டுக்கு அரை ஓட்டமாக வந்தேன். உடுப்புகளைக் கட்டி வைத்திருப்பாளோ என்று பயந்தேன். அவள் அதே கதிரையில், அதே நடுவில் இருந்தாள்.

இடப்பக்கம் போய் நிலத்தில் இருந்தேன். "ஓமெண்டிருப்பன் எண்டு இப்ப சொல்லலாம். ஆனால் அண்டைக்கு என்ன சொல்லியிருப்பனோ எனக்குத் தெரியாது, றீற்றா. இண்டைக்குக் கேட்டால் ஓம்."

"ஓமெண்டிருப்பன் எண்டு மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டன்" என்றாள். பிறகு, "எனக்கும் கோவந்தான். நீங்கள் அப்பிடி எழும்பிப் போயிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

"உங்களுக்கெண்டு ஊத்தின தேத்தண்ணி ஆறிப் போச்சு. இன்னொருக்கா ஊத்தட்டோ?"

அவள் குசினிக்குள் போன நேரத்தில் வலப் பானையைத் தூக்கி வந்து இடப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். கயிறு, அளவு, சம தூரம் எல்லாம் போயிற்று. இரண்டு பேர் வாழும் வீட்டில் நடு என்பது அறையின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கதிரை அவளுக்கு. அவளுக்குப் பின்னால் நிலத்தில் நான், அவளுடைய இடது தோளோடு.

கதைவசனக் கசெற்றைப் போட்டோம். பின்னேர வெயில் மண் சுவரில் மஞ்சளாகப் படிந்திருந்தது. ஓரிடத்தில் பேச்சு நின்று வெறும் வயலின் மட்டும் வந்தது. றீற்றா சுவரைப் பார்த்தபடி, "இப்ப அங்கை என்ன நடக்குது?" என்று கேட்டாள்.

நானும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. "தெரியாது. நீர் சொல்லும்."

"அவள் கடற்கரையிலை நிக்கிறாள்" என்றாள். "அலை காலை நனைக்குது. வள்ளம் ஒண்டு தூரத்திலை வருது. ஆர் வாறதெண்டு தெரியேல்லை... ஆனால் அவள் போகாமல் நிக்கிறாள்."

பானைகள் இரண்டும் மெல்ல அதிர்ந்தன. எனக்கும் வள்ளம் தெரிந்தது. பாய்மரம்கூடத் தெரிந்தது.

வவுனியாவுக்கு வந்த பிறகு அதே படத்தை ரீவியில் போட்டார்கள். இரண்டு பேரும் ஆவலாக இருந்து பார்த்தோம். அந்த வயலின் வந்த இடத்தில் கடலே இல்லை. பாதியில் நிற்பாட்டிவிட்டோம்!