நடு சீட்டைத் தின்ற கியர்

எங்கள் வீட்டில் மூன்று லாரி ஓடியது. ஆண்கள் எல்லோரும் நடக்கப் பழகிய கையோடு ஸ்டியரிங் பிடித்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தும் லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்று முறை தோற்று, எட்டுப் போடச் சொன்ன இடத்தில் ஒன்பது போட்டுவிட்டு, இந்த வயதிலும் ஷேர் ஆட்டோவில் இடுக்கி உட்கார்ந்து போகிறவள் நான் ஒருத்திதான். ஆகவே கியரைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் பெரிய மனது பண்ணிக் கேட்க வேண்டும்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் அஞ்சாவது முடித்த கோடையில், அத்தைக்குப் பள்ளிபாளையத்தில் டீச்சர் வேலை வந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. குழந்தையில் வந்த வாதத்தில் அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையால் முழங்காலுக்கு மேலே அழுத்திக் கொடுத்துத்தான் நடப்பார். உட்கார்ந்திருந்தாலும் கை அங்கேயேதான் இருக்கும், விட்டால் கால் எழுந்து எங்கேயோ போய்விடும் என்பதுபோல. பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான் என்று அம்மா சொல்வார். அத்தையின் சேலைகளில் எல்லாம் இடது பக்கம் ஒரு கையகலத்துக்குச் சாயம் மங்கியிருக்கும்.

பள்ளிபாளையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அத்தை படி ஏறும்வரை நிற்கிற பஸ் அந்த ரூட்டில் இல்லை. அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, லாரி லோடு ஏற்றிப் போனால் திரும்ப இருபது நாள் ஆகிறது, தினமும் கொண்டுபோய் விட யார் இருக்கிறார்கள், வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமே என்றார். அத்தை, கொட்டகையில் நிற்கிற பிளசரை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

பிளசர் என்பது எங்கள் பக்கத்தில் காருக்குப் பெயர். எங்களுடையது தாத்தா காலத்து வெளிநாட்டு வண்டி. யானை படுத்த மாதிரி மூக்கு. மூன்று வருடமாக அதற்குள் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

அப்பா சிரித்துவிட்டார். "கிளட்ச்ச எந்தக் கால்ல மிதிப்ப கண்ணு?" என்று கேட்டும்விட்டார். கேட்ட கையோடு பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் அதற்குப் பதில் கொண்டுவந்தவர் சேலத்து மெக்கானிக் பாய். எங்கள் லாரிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவரின் கார் பள்ளத்தில் உருண்டு கிடக்கிறது, நம் பிளசரின் அதே கம்பெனி, ஒரு வயிற்றுத் தம்பி, அதில் கிளட்ச்சே கிடையாது, கியர் தானாக மாறும், கியர்பாக்ஸில் ஒரு கீறல்கூட இல்லை, கழற்றி இதில் மாட்டிவிடலாம் என்றார். வலது கால் ஒன்று போதுமாம். அப்பா நம்பவில்லை. ஆனால் முந்தைய நாள் கேட்ட கேள்வி அவரை உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள, ஊரு பாக்க பிள்ளையார் கோயிலுக்கு முன்னால ஓட்டிக் காட்டோணும். முடியலீன்னா வேலைய எழுதிக் குடுத்தறோணும். சரியா?" என்றார்.

"செரிங்ணா" என்றார் அத்தை.

கோழிகளை வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், அத்தை ஏறும்வரை நிற்கிற சேலம் பஸ்ஸில், அவருக்குத் துணையாக நான் போனேன். எனக்கு அந்த வேலையில் ஒரு சொந்த அக்கறை இருந்தது. பிளசரின் முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம். ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில் எனக்கு ஓர் இடம். கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டிய தண்டு என்பதால் காலுக்குக் குறுக்கே ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் உட்கார்ந்து போனால் ஊரே என்னைப் பார்க்கிறது என்று நான் நம்பியிருந்தேன். ஊர் காரைப் பார்த்தது.

மூன்றாவது ஞாயிறு, கியர்பாக்ஸ் ஏறிவிட்டது. இனி அதை மாற்றுகிற கைப்பிடி எது என்பதுதான் பாக்கி. பாய் ஒரு தட்டில் மூன்று வைத்திருந்தார். ஒன்று, பழையபடி ஸ்டியரிங்கில் மாட்டுகிற தண்டு. இன்னொன்று, ரேடியோவில் இருப்பதுபோல வரிசையாக அமுக்குகிற பொத்தான். அது பாதி தேய்ந்திருந்தது. மூன்றாவது, தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கிற இரும்புக் கம்பி, உச்சியில் வெள்ளைக் குமிழ். அதை வைப்பதென்றால் சீட்டை நடுவில் அறுக்க வேண்டும் என்றார் பாய். அறுக்கப் போவது என் இடத்தை.

பாயும் அத்தையும் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தக் கம்பியைப் பழைய ஆயில் டின்னுக்குள் போட்டேன். கம்பி நீளம், டின் ஆழம் குறைவு. குமிழ் வெளியே எட்டிப் பார்த்தது. முழங்கைவரை உள்ளே விட்டுச் சாய்த்து அமுக்கிவிட்டு, பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல நின்றேன்.

பாய் திரும்பி வந்ததும் அத்தையை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார். "தட்டப் பாக்காதீங்க தங்கச்சி. கண்ண மூடுங்க. கை எங்க போயி உக்காருதோ, அங்கதான் கியர வைக்கோணும்."

அத்தை கண்ணை மூடினார். கை வழக்கம்போல முழங்காலுக்குப் போய் உட்கார்ந்தது. பாய் சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நேராகப் போய் டின்னிலிருந்து கம்பியை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினார். அதைப் பழுக்கக் காய்ச்சி, நடுவில் வளைத்து, குமிழ் அத்தையின் முழங்காலுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி திருப்பினார். இரண்டு முறை ஆறவைத்து வைத்துப் பார்த்து, மறுபடி காய்ச்சி ஒரு விரல்கடை நகர்த்தினார். என்னைப் பழிவாங்கத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று நினைத்தேன்.

அத்தை என் கையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி, "எனக்கு அது வேணும் சாமி. நீ பொறத்தால உக்காந்துக்க, சன்னல் முச்சூடும் உனக்குத்தான்" என்றார். நான் கம்பியை ஒளித்ததை அப்பாவிடம் அவர் சொல்லவில்லை. வரும்போது சங்ககிரிவரை அத்தையோடு பேசாமல் வந்தேன். அங்கே பஸ் நின்றபோது சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார், பேசிவிட்டேன். என் கோபங்களின் விலை அன்றும் இன்றும் அவ்வளவுதான்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டல் காட்டில் அத்தை ஓட்டிப் பழகினார்.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது வண்டி ஊருக்கு வந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்தி, சந்தனம் பூசி, முன் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை முதலில் ஏற்றி நசுக்குவது வீட்டுக்கு மூத்த ஆணின் உரிமை. அப்பா ஏறினார். பாய், முன்னால் போக கம்பியைப் பின்னுக்கு இழுக்கணும் என்று ஜன்னலோரமாகச் சொன்னார். இருபது வருடம் லாரி ஓட்டியவருக்கு முதல் கியர் முன்னால்தான் இருக்கும் என்று தெரியாதா? அப்பா கம்பியை முன்னுக்குத் தள்ளினார். வண்டி எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்னால் போய், சோளத்தட்டுப் போருக்குள் பாதி நுழைந்து நின்றது.

அடுத்து எங்கள் மூத்த டிரைவர் மாமா. அவர் சரியாகத்தான் இழுத்தார், வண்டியும் முன்னால்தான் வந்தது. ஆனால் அவருடைய இடது கால், அங்கே இல்லாத கிளட்ச்சைத் தேடி, அகலமாக இருந்த பிரேக்கில் முழு பலத்தோடு இறங்கியது. பக்கத்து சீட்டில் இருந்த பூசைத் தட்டு பறந்து முன் கண்ணாடியில் மோதி, திருநீறு மொத்தமும் அவர் முகத்தில் அப்பியது. சாமி வந்தவர்போல இறங்கினார். பழங்கள் அப்படியே கிடந்தன.

வண்டி சரியில்லை என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். கூட்டத்தில் ஒருவர், தானாக மாறுகிற கியருக்குத் தானாகவே புத்தியும் இருக்கும்போல என்றார். அப்பா பாயைப் பார்த்து, இதைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணா, நான் ஒருக்கா உக்காருட்டுங்களா?"

அத்தை முழங்காலை அழுத்தி அழுத்தி நடந்துபோய் ஏறினார். கம்பியைப் பின்னுக்கு இழுத்தார். இடது கால் ஒரு ஓரமாகச் சும்மா இருந்தது. அதற்குக் கிளட்ச்சைத் தெரியாது, பிரேக்கில் போய் விழவும் தெரியாது. வண்டி பாலில் ஆடை நகர்வதுபோல நகர்ந்தது. இரண்டு பழமும் ஒன்றாக நசுங்கிய சத்தம் கேட்டது. கோயிலைச் சுற்றிக்கொண்டு அதே இடத்தில் வந்து நின்றார். அப்பா போய்க் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு பெண்ணுக்குக் கார்க் கதவு திறந்துவிட்டதை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது, என் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். சொன்னபடி பின் சீட்டில், முழு ஜன்னலோடு. ஆனால் ஜன்னலைப் பார்க்கவில்லை. என் இடத்தைத் தின்றுவிட்டு நிற்கிற அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கிளம்பும்போது ஒரு தடவை இழுத்ததோடு அதற்கு வேலை முடிந்தது. கியர் அதுபாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அத்தை வெள்ளைக் குமிழின்மேல் இடது கையை வைத்தபடியே ஓட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்த, அதுதான் தானா மாறுமில்லீங்க? கைய எடுத்துருங்க."

"இருக்கட்டும் சாமி."

அத்தைக்கு வண்டி ஓட்ட வந்துவிட்டது, ஆனால் விஷயம் இன்னும் பிடிபடவில்லை என்று தீர்மானித்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தேன். முதல் நாள் பள்ளிபாளையம் போய்ச் சேரும்வரை பத்து மைலும் அந்தக் கை ஒரு தடவைகூட முழங்காலுக்குத் திரும்பவில்லை. நான் அதைத் தப்புக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.