இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

எங்கள் மகள் செல்விக்கு அப்போது ஏழு வயது. நாலு படி ஏறினால் உதடு நீலம் பூத்துவிடும். எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், மெட்ராஸ் டாக்டர் அவள் இதயத்தில் ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார். பிழைப்பாளா என்று கேட்டேன். "முயற்சி பண்ணலாம்" என்றார். ஏற்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அம்மன் கோயிலுக்கு வருகிற உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் சாமி கும்பிடாதவன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். என் மனைவி ராசாத்தி வெள்ளக்கடை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் குடும்பத்துப் பெண். நாங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏனுங்க, மாரியம்மன்கிட்டப் பூக் கேக்கோணுங்க" என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள். ஒரு குழந்தை ஏதாவதொரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது.

சிவப்பு வந்தால் இவள் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க மாட்டாளே! பூ மடிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன். செல்வி ஒன்றை எடுத்தாள். ராசாத்தி விழுந்து கும்பிட்டாள். மிஞ்சிய பொட்டலத்தைச் சத்தமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். ராசாத்தி வராந்தா பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அம்மன் பதில் சொல்லியாகிவிட்டது. எனக்கு? அந்தப் பதிலைச் செய்தவனே நான்தானே! இதயம் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு நடத்துகிறவன் நான். அவ்வளவும் தெரிந்தும் வராந்தாவில் மேலும் கீழுமாக நடந்தேன். இரண்டு மணி நேரம் தாங்கினேன். அதற்கு மேல் முடியாமல், ராசாத்திக்குக் கேட்காத தூரத்துக்குப் போனேன். "தாயே, நான் ஏமாற்றுக்காரன். என்னைத் தண்டி, குழந்தையை விட்டுவிடு" என்று வாய்விட்டு அழுதேன். யாரிடம் பேசுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் யாரோ கேட்டுக்கொண்டிருந்ததுபோல் மனம் அடங்கியது. அது என்ன என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் டாக்டர் வந்து, "குழந்தை நல்லா இருக்கா" என்றார்.

அன்றே ராசாத்தியிடம் என் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை.

"ஆபரேசனுக்கு நான் எப்பவோ மனசத் தேத்திக்கிட்டனுங்க. அது டாக்டரு பாடு. பூவுல நான் கேட்டது வேறைங்க."

"என்ன கேட்டே?"

"இந்த மனுசன் ஒரு நாளாவது உன்னயக் கும்புடுவாரான்னு கேட்டனுங்க."

வெள்ளையை வரவழைத்தது என் கைதான். எந்தக் கேள்விக்கு என்று அந்தக் கைக்குத் தெரியாது.

செல்வி இப்போது கரடியூர் ஏற்றத்தில் என்னைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறாள். நான் இன்றும் விஞ்ஞானம்தான் நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகிறேன். தாய்க்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது. வீட்டுக்காரிக்குத் துணையாக வந்து, கும்பிடாமல் ஓரமாக நிற்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். சந்தேகத்தை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. அதோடேயே வந்து, ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பொட்டலத்தை மட்டும் வேறு யாரையாவது மடிக்கச் சொல்லுங்கள்.