மலர்வளையம் விட்ட பின்னேரம்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

பழைய கடற்போர் ஒன்றை நினைவுகூரப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் கொழும்புக்கு வந்திருந்தன. விழாவை ஒழுங்குசெய்த கம்பனியில்தான் எனக்கு வேலை. விழாவா அது! கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சப்பாத்து, தலைக்கு மேல் ஒரு ட்ரோன். அன்று வென்ற நாட்டுக்காரனும் தோற்ற நாட்டுக்காரனும் சேர்ந்து ஒரே கேக்கை வெட்டினார்கள். பிறகு படகில் போய், கப்பல் எரிந்து மூழ்கிய இடம் என்று யாரோ கை காட்டிய கடலில் மலர்வளையம் விட்டோம். படம் சரியாக வரவில்லையாம். வளையத்தைத் திரும்ப எடுத்து இன்னொருமுறை விடச் சொன்னார் ஒரு அதிகாரி. கொக்கி போட்டு இழுத்தது நான்தான். பூவுக்கு அவ்வளவு பாரம் இருக்காது… ஆனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. வெயிலில் மேக்கப் கரைகிறதே என்ற கவலை எனக்கு.

வெள்ளவத்தை அடுக்குமாடியில் எங்கள் பிளட்டுக்கு வரும்போது பின்னேரம் ஐந்தரை. கதவைத் திறந்த என் கணவர் கிருஷ்ணராஜ் வழியை மறித்தார். மென்பொருள் பொறியியலாளர். ஆனால் செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தலையில் தண்ணீர் வார்த்து முழுகாமல் ஒருவரையும் தொடக்கூடாது என்பதில் மட்டும் ஊர்க் கிழவர்களைவிட மோசம்.

“நேர போய் முழுகும். பிள்ளையைத் தொடாதையும்.”

“அது செத்த வீடோ? கேக் வெட்டின இடம்.”

ஓடி வந்த மிதுஷனைத் தூக்கிக் கொஞ்சினேன். வேண்டுமென்றேதான். அவனுக்கு ஐந்து வயது.

“அம்மா, ஈரம்” என்றான்.

என் உடுப்பு நன்றாகக் காய்ந்திருந்தது.

அவனை இறக்கிவிட்டுத் தேத்தண்ணீர் வைக்கப் போனேன். ஹோலில் சொட்… சொட்… என்று சத்தம். ஏசி ஒழுகுகிறது என்று பிளட் கட்டினவனைத் திட்டிக்கொண்டே வந்து பார்த்தேன். ஏசி ஓடவேயில்லை. வாசலிலிருந்து பல்கனி வரை ஈரக் காலடிகள். பெரிய ஆம்பிளைக் கால்கள்.

கிருஷ்ணராஜ் அறைக்குள் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய காலில் ஈரமில்லை.

பல்கனியில் மிதுஷன் கம்பியைப் பிடித்தபடி நின்றான். வெயில் இன்னும் போகவில்லை. தூரத்தில் கப்பல்கள்.

“ஆரோட கதைக்கிறாய்?”

“மாமாவோட.”

“எந்த மாமா?”

“உங்களோட வந்தவர். அவருக்கு மூச்சு வேணுமாம்.”

திரும்பினான். உதடு நீலம்…

“குடுக்கட்டோ அம்மா?”

நான் வாய் திறக்க முதலே அவன் தலை சாய்ந்தது.

மூச்சு இல்லை.

அள்ளிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். உடுப்போடு இருவர் தலையிலும் ஷவரைத் திறந்தேன். “பிழைதான்… பிழைதான்… என்ர பிள்ளையை விடுங்கோ…”

கதவுக்கு வெளியே, சொட்…

சொட்…

நின்றது.

மிதுஷன் இருமினான். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை தப்பிவிட்டான். அடுத்த நாள் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஷவர் தண்ணீர் புரைக்கேறியது என்று நான் சொன்ன கதையை அவர் நம்பவில்லை.

“பொய் சொல்லாதேங்கோ. நெஞ்சுக்குள்ள இருந்து எடுத்தது கடல் தண்ணி. அதில எரிஞ்ச எண்ணெயும் கிடக்கு. பிள்ளை எங்க விழுந்தவன்?”

மிதுஷன் முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரும்வரை எங்கள் ஏழாம் மாடியை விட்டு இறங்கவே இல்லை.