என் உடம்புக்கு ஆகாத பாட்டில்

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு பௌர்ணமி சாயங்காலம். கீழ்பென்னாத்தூர்ல நாத்தனார் வீட்டு விசேஷத்தை முடிச்சுட்டு நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டர்ல திருவண்ணாமலைக்குத் திரும்பிட்டிருந்தோம். ஊருக்குள்ள நுழையற இடத்துல, முன்னாடி போன வேன் திடீர்னு பிரேக் போட, நாங்க அதுல மோதி விழுந்தோம். அவர் உருண்டு எழுந்துட்டார். எனக்குத் தொடை எலும்பு முறிஞ்சு, தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு.

பக்கத்துல இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டரம்மா இறுக்கிக் கட்டி, சலைன் மேல சலைனா ஏத்தினாங்க. பிரஷர் ஏறவே இல்ல. ரத்தம் வேணும்னாங்க. ரத்த வங்கியோ ஊருக்கு அந்தப் பக்கம், நடுவுல கிரிவலக் கூட்டம். தகவல் தெரிஞ்சு வந்த எங்க கொழுந்தனார் ரத்தம் வாங்கப் பைக்கை எடுத்துக்கிட்டு ஓடினார்.

அப்போ நர்ஸ் வேற ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினாங்க. நாங்க ஜைனக் குடும்பம். ஜெலட்டின்னு போட்டிருந்தா ஜெல்லி மிட்டாய்கூட எங்க வீட்டுக்குள்ள வராது. எதை வாங்கினாலும் நான் அட்டையைப் படிக்கறதைப் பார்த்து எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. கண்ணு இருட்டிக்கிட்டு வந்த அந்த நேரத்துலயும் பாட்டில்ல ஜெலட்டின்ங்கற எழுத்து மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது.

"இது மாட்டுல இருந்து எடுக்கறதுதானே?"

டாக்டரம்மா மழுப்பலை. "ஆமாம்மா, மாட்டு எலும்புல இருந்துதான். சலைன் ஏத்த ஏத்த கசிஞ்சுடுது. இது கொஞ்ச நேரம் ரத்தக்குழாய்க்குள்ளயே தங்கும். சிலருக்கு அலர்ஜி ஆகும், ஜாஸ்தி ஏத்தினா ரத்தம் உறையறது கம்மியாகும். ஆனா ரத்தம் வர்ற வரைக்கும் நீங்க தாங்கணும். சொல்லுங்க, ஏத்தட்டுமா?"

வீட்டுக்காரர் ஏத்துங்கன்னு அழுதார். எனக்குக் கோபம் கோபமா வந்துது. ரத்தம் குடுக்கறவங்க மனசாரக் குடுக்கறாங்க; மாட்டை யார் கேட்டாங்க? ஆனா எனக்குச் சாகப் பிடிக்கலை, அதுதான் உண்மை. ஏத்துங்கன்னு சொல்லிட்டேன்.

பாட்டில் இறங்க இறங்க இருட்டு விலகிச்சு. பிரஷர் ஏறுதுன்னாங்க. பாதிக்கு மேல போயிருக்கும், கழுத்தெல்லாம் அரிச்சுது, தடிப்பு தடிப்பா எழும்பி நெஞ்சை அடைச்சுது. செஞ்ச பாவத்துக்கு உடனே கூலி வந்துடுச்சுன்னு நடுங்கிப் போயிட்டேன். ஆனா நர்ஸ் பக்கத்துலயே என்னைப் பார்த்துக்கிட்டேதான் நின்னிருந்தாங்க. சட்டுனு பாட்டிலை நிறுத்தி, ஊசி போட்டாங்க. பாவமும் இல்ல ஒண்ணும் இல்ல, இதுதான் நான் சொன்ன அலர்ஜின்னாங்க டாக்டரம்மா.

மூச்சு சீராகறதுக்குள்ள கொழுந்தனார் வந்துட்டார். பைக் நகரலைன்னு பாதி வழியிலயே போட்டுட்டு, ரத்தப் பெட்டியைத் தலைமேல தூக்கிக்கிட்டு வழி கேட்டுக் கேட்டே கூட்டத்துல நடந்து வந்திருக்கார். மனுஷன் வேர்வையில தொப்பலா நனைஞ்சிருந்தார்.

இப்போ லேசா விந்தி நடக்கறேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஜெலட்டின் ஆகாதுன்னு முதல்லயே சொல்லிடுவேன். மதத்துக்காகவா, உடம்புக்காகவான்னு கேப்பாங்க. ரெண்டுக்கும்தான்னு சொல்வேன். ஆனா அன்னைக்கு ரத்தம் வர்ற வரைக்கும் என் உயிரைப் பிடிச்சு வெச்சது யாரும் கேக்காம எடுத்த ஒரு மாட்டோட எலும்புதான், அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.